புளிப்பை வெளியே கொட்டும் புற்று

சென்ற மாதம் தர்மபுரி ஜில்லாவில், அரூருக்கு அப்பால் உள்ள சித்தேரி மலைக்குப் போயிருந்தேன். சாமையும் கேழ்வரகும் விளைகிற ஊர். மலை ஏறிய களைப்புக்குக் கேழ்வரகுக் கூழைப் போல வேறு அமிர்தம் உண்டா? அதுவும் இலேசாகப் புளித்த கூழ்! ஒரு செம்பு கூழும் இரண்டு சின்ன வெங்காயமும் என் கையில் கொடுத்த வீட்டு அம்மாள், தமக்கு மட்டும் ஊற்றிக்கொள்ளவில்லை.

"நீங்க குடிக்கலையா, பெரியம்மா?" என்று கேட்டேன்.

"புளிப்பு எனக்கு ஆகாதாம், தாயி. மாருல ஒரு கட்டி இருக்குது. நாலு மாசமாச்சு. வலி ஒண்ணும் இல்லே. புளிப்புத் தின்னா புத்து வளருமாம். சோடா உப்புக் கரைச்சுக் குடிச்சா செத்துப்போயிடுமாம். பேரன் செல்போன்ல பார்த்துச் சொன்னான்."

"ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா?"

"அதான் மருந்து குடிக்கிறேனே!"

அதற்குமேல் கூழ் என் தொண்டையில் இறங்கவில்லை.

* * *

மலைமேல் இருப்பவர்களை மட்டும் சொல்வானேன்? பட்டணத்து வீடுகளிலும் இதே பேச்சு உலவுகிறது. 'புற்றுநோய்க்குப் புளிப்புப் பிடிக்கும், காரம் பிடிக்காது' என்கிறார்கள். (காரம் என்றால் மிளகாய்க் காரம் அல்ல, சுண்ணாம்பு, சோடா உப்பு முதலியவற்றின் குணம். அமிலத்துக்கு நேர் எதிரானது.) ஒரு பொய்யில் கொஞ்சம் உண்மை கலந்திருந்தால்தான் அது நன்றாக விலைபோகும். இதில் கலந்திருக்கும் உண்மை என்னவென்று பார்ப்போம்.

ராத்திரி பாலுக்கு உறை ஊற்றுகிறோம். காலையில் தயிராகிறது. உறையிலுள்ள கிருமிகள் பாலிலுள்ள சர்க்கரையைத் தின்று, லாக்டிக் அமிலத்தை வெளியே விடுகின்றன. அந்த அமிலம்தான் தயிரின் புளிப்பு.

நம் உடம்பின் உயிரணுக்களும் சர்க்கரையைத்தான் எரிக்கின்றன. பிராணவாயு கிடைத்தால் முழுக்க எரித்து, ஒரு துளி சர்க்கரையிலிருந்து 30 பங்கு சக்தி பெறுகின்றன என்று வைத்துக்கொள்வோம். பிராணவாயு இல்லாமல் தயிர்க் கிருமியைப் போலப் புளிக்க வைத்தால் கிடைப்பது 2 பங்குதான். ஆகவே, காற்று இருக்கும்போது எந்த அணுவாவது புளிக்க வைத்துக்கொண்டிருக்குமா?

புற்றணு அப்படித்தான் செய்கிறது! ஜெர்மனியில் ஓட்டோ வார்பர்க் என்ற விஞ்ஞானி 1920-களில் இதைக் கண்டு வியந்தார். பிராணவாயு தாராளமாக இருந்தும் புற்றணு சர்க்கரையை வாரி விழுங்கி, அரைகுறையாக உடைத்து, லாக்டிக் அமிலமாக்குகிறது. சக்தி குறைவுதான்; ஆனால் வேலை வேகமாக நடக்கிறது. புதிய அணுக்களைக் கட்டுவதற்கு வேண்டிய சாமான்களும் அந்த வழியிலேயே கிடைத்துவிடுகின்றன.

சரி, இவ்வளவு அமிலமும் உள்ளேயே தங்கினால் என்ன ஆகும்? புற்றணுவின் சொந்த யந்திரங்களே முடங்கிவிடும். அது பெருகவும் முடியாது. அதனால் அது தன் சுவரில் பல வாசல்களை வைத்திருக்கிறது. ஒரு வாசல், வெளியிலிருந்து ஒரு சோடியத்தை உள்ளே விட்டு, அதற்குப் பதிலாகப் புளிப்புக்குக் காரணமான ஒரு ஹைட்ரஜன் அயனியை வெளியே தள்ளுகிறது. இன்னொரு வாசல், லாக்டிக் அமிலத்தையே கழுத்தைப் பிடித்து வெளியேற்றுகிறது. சுவரின் வெளிப்புறத்தில் ஒரு நொதி உட்கார்ந்திருக்கிறது. அணு வெளியே விடும் கரியமில வாயுவை அது தண்ணீருடன் சேர்த்து மாற்றுகிறது. அதில் பிறக்கும் புளிப்பு வெளியே தங்கிவிட, பைகார்பனேட் உள்ளே போய் மிச்சமிருக்கும் புளிப்பையும் அடக்கிவிடுகிறது. தன் வீட்டைச் சுத்தமாகப் பெருக்கி, குப்பையை அண்டை வீட்டு வாசலில் கொட்டும் மனிதர்களை நாம் பார்த்ததில்லையா? அந்த ரகம்!

புளிப்பை அளக்க 'பி.எச்.' என்ற அளவுகோல் உண்டு. சுத்தத் தண்ணீருக்கு 7. எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். சாதாரண அணுவுக்கு உள்ளே சுமார் 7.2, வெளியே சுமார் 7.4. புற்றிலோ இது தலைகீழ். உள்ளே 7.2-க்கும் மேலே, வெளியே 6.5 முதல் 6.9 வரை இறங்கிவிடும்.

ஆகவே விஷயத்தைக் கவனியுங்கள். புளிப்பு புற்றை உண்டாக்கவில்லை. புற்றுதான் புளிப்பை உண்டாக்குகிறது. தான் குடியிருக்கும் உள்வீட்டையோ, அது முன்கூட்டியே காரப் பக்கமாக வைத்துக்கொண்டிருக்கிறது! வெளியே கொட்டிய அமிலம் அக்கம்பக்கத்துத் திசுக்களை அரிக்கிறது. புற்று பரவ வழி செய்கிறது. எதிர்த்துப் போராட வரும் வெள்ளை அணுக்களைச் சோர வைக்கிறது.

இந்தப் புளிப்பு கட்டியைச் சுற்றிய இடத்தில் மட்டும்தான். நம் இரத்தம் எப்போதும் 7.35-க்கும் 7.45-க்கும் நடுவிலேயே நிற்கிறது. நுரையீரலும் சிறுநீரகமும் இரவு பகலாக அதைக் காவல் காக்கின்றன. வத்தக்குழம்பு சாப்பிட்டாலும் சரி, மோர் குடித்தாலும் சரி, அந்தக் காவல் அசையாது. சோடா உப்பை அளவுக்கு மீறிக் குடித்தால் மட்டும் காவல் தடுமாறும்: உடம்பில் சோடியம் ஏறும், பொட்டாசியம் குறையும், இருதயத்துக்கு ஆபத்து.

2009-ல் எலிகளுக்கு பைகார்பனேட் கலந்த தண்ணீர் கொடுத்துப் பார்த்ததில், கட்டியைச் சுற்றிய புளிப்பு குறைந்தது; புற்று பரவுவதும் குறைந்தது. ஆனால் அதனால் மனிதருக்குப் புற்று குணமாகும் என்று நிரூபணமாகவில்லை. புற்றணுவின் வாசல்களையே அடைத்துவிடும் மருந்துகளை விஞ்ஞானிகள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். சில மருந்துகள் மனிதர்களிடம் ஆரம்பப் பரீட்சை வரைக்கும் வந்திருக்கின்றன. அது நல்ல செய்திதான். ஆனால் கட்டி அதுவரை காத்திருக்காது.

* * *

புளிப்பைப் பற்றி இன்னொரு செய்தியும் பெண்கள் அறியவேண்டும். வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்தை மிகவும் நீர்க்கச் செய்து கருப்பை வாயில் தடவினால், கோளாறான இடம் சற்று நேரத்தில் வெண்மையாகத் தெரியும். திண்டுக்கல் ஜில்லாவில் 2000-ல் தொடங்கி, 30 முதல் 59 வயது வரையுள்ள கிராமத்துப் பெண்களுக்கு நர்ஸுகளே இந்தச் சோதனையைச் செய்தார்கள். சோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் கருப்பை வாய்ப் புற்றினால் நேரும் மரணம் 35 சதவிகிதம் குறைந்தது என்று 2007-ல் தெரியவந்தது. வேளையில் கண்டுபிடித்ததன் பலன் அது!

தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954-ல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் தொடங்கிவைத்ததும் இதற்காகத்தானே? இந்நோயில் நாள் கடத்துவதைவிடப் பெரிய சத்துரு இல்லை. மார்பில் கட்டி, காம்பில் இரத்தக் கசிவு, மாதவிடாய் நின்றபின் உதிரப்போக்கு ஆகியவற்றில் எது தோன்றினாலும் வெட்கத்தையும் சோடா உப்பையும் ஒதுக்கி வைத்துவிட்டு டாக்டரிடம் போங்கள். வலி இல்லையே என்று ஏமாந்துவிடாதீர்கள்.

பெரியம்மாவுக்குத் தயிர்ப் பானையைக் காட்டித்தான் இத்தனையும் சொன்னேன். உறையும் புளிப்பும் அவருக்குத் தெரியாத விஷயமா? பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப, கூழு என்ன பாவம் பண்ணிச்சு?" என்றார்.

"ஒரு பாவமும் பண்ணலை, பெரியம்மா. ஆனா நாளைக்குக் காலை பஸ்ஸிலே என்னோட ஆஸ்பத்திரிக்கு வரணும்."

மறுநாள் வந்தார். டாக்டர் பார்த்து, கட்டியிலிருந்து துளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார். முடிவு இன்னும் வரவில்லை. சோடா உப்பு டப்பா மட்டும் அடுப்பங்கரைக்கே திரும்பிவிட்டது. அன்று பஸ் ஏறுமுன், பெரியம்மா ஒரு செம்பு புளித்த கூழைக் குடித்துவிட்டுத்தான் புறப்பட்டார்.