வாசலில் பதித்த பெயர்

சிற்பி என்ற சொல்லைக் கேட்டதும் உயர்ந்த பீடமும், அதன்மேல் குதிரையேறிய வீரர் ஒருவரும் நம் மனக்கண்முன் தோன்றுவது இயல்பு. ஜெர்மனி தேசத்தில் அத்தகைய சிலைகளுக்குப் பஞ்சமில்லை. ஆயினும் அத்தேசத்துச் சிற்பி ஒருவருக்கு உலகப் பிரசித்தியைத் தேடித் தந்த வேலைக்குப் பீடம் இல்லை, முகமும் இல்லை. நடைபாதைக் கற்களோடு கல்லாகத் தரைமட்டத்தில் கிடக்கும் சிறு பித்தளைத் தகடு அது. அந்தச் சிற்பியின் பெயர் குந்தர் டெம்னிக்.

யுத்தம் முடிந்து இரண்டாண்டு கழிந்து, 1947-ல், பெர்லினில் பிறந்தவர் டெம்னிக். பெர்லினிலும் காஸல் நகரிலும் கலை பயின்றார். 1981-ல் காஸல் நகரிலிருந்து லண்டன் வரையில் இரத்தத்தினால் ஒரு கோடு இழுத்துச் சென்றார். கேட்பவர்களுக்கு இது பித்துக்கொள்ளித்தனமாகவே தோன்றும். ஆனால் தரையில் தடம் பதிப்பது என்னும் அந்த எண்ணமே பிற்காலத்தில் பெரிய காரியமாக வளர்ந்தது.

1940 மே மாதத்தில் கொலோன் நகரிலிருந்து ரோமா, ஸின்டி வகுப்பினர் ஆயிரம் பேரை நாஜிகள் பிடித்து நாடு கடத்தினார்கள். பல நூற்றாண்டுகளுக்கு முன் நம் பாரத தேசத்தின் வடபகுதியிலிருந்து மேற்கே சென்றவர்களின் சந்ததியார் இவர்கள். ஐம்பது வருஷம் கழித்து, 1990-ல், அவர்கள் நடத்திச் செல்லப்பட்ட வீதிகளின் வழியே டெம்னிக் எழுத்துத் தடம் ஒன்றைப் பதித்தார். பிறகு அந்தத் தடத்தைப் பற்றிப் பேச்சு வந்தபோது, அவ்விடத்தில் வசித்த ஒரு மூதாட்டி, "எங்கள் பேட்டையில் அப்படிப்பட்டவர்கள் இருந்ததே இல்லையே!" என்ற கருத்தில் ஏதோ சொன்னாராம். அம்மாள் பொய் சொல்லவில்லை. அடுத்த வீட்டில் இருந்தவர்களை உண்மையாகவே மறந்துபோயிருந்தார். கொன்றவர்கள் விரும்பியதும் அதுதானே? உயிரைப் பறித்தார்கள், உயிரோடு பெயரையும் பறித்தார்கள்.

பறிபோன பெயரை அவரவர் வாசலிலேயே திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது என்று டெம்னிக் தீர்மானித்தார். 1992 டிசம்பரில் முதற் கல்லைக் கொலோன் நகர மண்டபத்தின் முன் பதித்தார். 1996-ல் பெர்லினில் சர்க்கார் அநுமதியை எதிர்பாராமலே ஐம்பது கற்கள் வரையில் பதித்துவிட்டார். அநுமதி பிறகுதான் வந்தது!

இவற்றுக்கு 'இடறு கற்கள்' என்று பெயர். பக்கத்துக்குப் பத்து ஸென்டிமீட்டர் உள்ள கான்கிரீட் கட்டி. அதன் தலையில் பித்தளைத் தகடு. 'இங்கே வசித்தவர்' என்று தொடங்கி, பெயர், பிறந்த ஆண்டு, பிடித்துச் சென்ற ஆண்டு, கொல்லப்பட்ட இடம் ஆகியவற்றைத் தகட்டில் ஒவ்வோர் எழுத்தாகச் சுத்தியால் அடித்துப் பதிக்கிறார்கள். யந்திரத்தில் அச்சடித்தால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் மனிதர்களை யந்திர வேகத்தில் கொன்ற கொடுமைக்கு நினைவுச் சின்னத்தையும் யந்திரத்தில் செய்வது தகாது என்பது கொள்கை. ஒருவருக்கு ஒரு கல். தப்பிப் பிழைத்த குழந்தைகளுக்கும் பெற்றோரின் பக்கத்தில் கல் உண்டு. பிரிந்துபோன குடும்பம் அங்கேயாவது ஒன்றுசேரட்டும் என்று. யூதர் மட்டுமல்ல, நாஜிகளால் துன்புற்ற எல்லா வகுப்பினரும் இதில் அடக்கம்.

பெயர் எழுதிய தகட்டை மிதிக்கலாமா? காகிதத் துண்டு காலில் பட்டாலே கண்ணில் ஒற்றிக்கொள்ளும் நமக்கு இந்தக் கேள்வி உடனே எழும். ஜெர்மனியிலும் எழுந்தது. மூனிக் நகரத்து யூத சமூகத் தலைவியான ஸ்ரீமதி ஷார்லோட்டெ க்னோப்ளோக், சிறுமியாக ஒளிந்து வாழ்ந்து உயிர் தப்பியவர். அன்று மிதிபட்டவர்களை மறுபடியும் மிதிக்க விடலாகாது என்று வாதாடினார். 2004-ல் மூனிக் நகரசபையும் பொது வீதிகளில் இக்கற்களுக்கு இடமில்லை என்று தீர்மானித்தது. 2018 முதல் அந்நகரில் சுவரிலும் தூணிலும் பெயர்ப் பலகைகள் வைத்து வருகிறார்கள். அவ்வம்மையாரின் மனவேதனையை யாரும் எளிதில் தள்ளிவிட முடியாது. டெம்னிக் சொல்லும் பதிலோ, பெயரைப் படிக்க வேண்டுமானால் தலை குனிந்தாக வேண்டும் என்பது. கல் காலை இடறுவதில்லை, தலையையும் நெஞ்சையுமே இடறுகிறது என்று ஒரு பள்ளி மாணவன் சொன்னதாகவும் அவர் எடுத்துக் கூறுவதுண்டு.

2012 நவம்பரில், யூதர்களின் வீடுகளும் ஆலயங்களும் சூறையாடப்பட்ட 1938-ஆம் வருஷத்து இரவின் நினைவு நாளில், கிரைப்ஸ்வால்ட் நகரிலிருந்த கற்கள் அனைத்தையும் யாரோ பெயர்த்தெடுத்துப் போனார்கள். ஊரார் நன்கொடை திரட்டிப் புதுக் கற்களைப் பதித்தார்கள். வருஷந்தோறும் அந்த நாளில் பல ஊர்களில் ஜனங்கள் மண்டியிட்டு, கறுத்துப்போன பித்தளையைத் துணியால் தேய்த்துத் துலக்குகிறார்கள். யார் எங்கே வசித்தார் என்று பழைய ஏடுகளைப் புரட்டிக் கண்டுபிடிப்பவர்களில் பள்ளிப் பிள்ளைகளும் அநேகர். 2023 மே மாதம் நூரம்பர்க் நகரில் நூறாயிரமாவது கல் பதிக்கப்பட்டது.

மாண்ட யூதர் சுமார் அறுபது லட்சம். அந்தக் கணக்குக்கு முன்னால் ஒரு லட்சம் கல் எம்மாத்திரம்? உண்மைதான். ஆனால் அறுபது லட்சம் என்றால் மனம் மலைத்து நின்றுவிடுகிறது. ஒரு வாசலில் ஒரு தாயின் பெயரும், அருகே அவள் குழந்தையின் பெயரும் இருந்தால் கண் கலங்குகிறது.

தேசாபிமானம் என்றால் முன்னோரின் வெற்றிகளைப் பாடுவது மட்டுமே என்று நினைப்பவர் எத்தேசத்திலும் உண்டு. தம் முன்னோர் செய்த பாதகத்தைத் தம் வீட்டு வாசலிலேயே எழுதி வைத்து, அதைத் துலக்கியும் வருகிற ஜனங்கள் தங்கள் தேசத்தைக் குறைவாக நேசிக்கிறார்கள் என்று சொல்லமுடியுமா? நம் குழந்தைகளுக்குச் சரித்திரம் சொல்லிக் கொடுக்கையில் இந்தக் கேள்வியையும் சேர்த்துச் சொல்லிக் கொடுப்பது நல்லது.