விதையைக் குறை சொல்லாதீர்கள்

மொட்டை மாடியில் காய்கறி போடப் போகிறேன், என்ன விதை வாங்கலாம் என்று அருள்புரத்தில் யாராவது கேட்டால், "உங்க வீட்டுப் போர் தண்ணி எப்படிங்க?" என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். சிலர் முகம் சுளிப்பார்கள்.

ஓய்வு பெற்ற வருஷம் நானும் பை, தென்னை நார்க் கட்டி, விதைப் பாக்கெட் என்று வாங்கிக் குவித்தவன்தான். பீன்ஸ் முளைத்து இரண்டு இலை விட்டதோடு சரி. ஓரம் தீய்ந்து சுருண்டுவிட்டது. விதைக் கடைக்காரரிடம் சண்டைக்கே போனேன். பிறகுதான் பையின் விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருந்ததைக் கவனித்தேன். நாக்கில் வைத்தால் உப்பு!

தண்ணீரைச் செடி குடித்துவிடும், வெயில் குடித்துவிடும். உப்பு தொட்டியிலேயே தங்கும். இளம் நாற்றுக்குத்தான் பாதிப்பு அதிகம். பீன்ஸ் தாங்கவே தாங்காது. கொத்தவரையும் பீட்ரூட்டும் தாங்கும். தென்னை நாரையும் நன்றாக அலசிவிட்டுத்தான் போட வேண்டும், அதிலும் உப்பு உண்டு.

"குடிக்கவே நல்ல தண்ணி பத்தலைங்க, இதுல செடிக்கு வேறயா?" என்றாள் வீட்டுக்காரி. நியாயம்தான். அதனால் கத்தரி, மிளகாய் விதையை இப்போது புரட்டாசிக் கடைசியில் போடுகிறேன். ஐப்பசி மழையை டிரம்மில் பிடித்து நாற்றுக்கு அதை மட்டும் ஊற்றுகிறேன். அரிசி கழுவிய தண்ணீரும் உண்டு. செடி தேறிய பிறகு போர் தண்ணீர்; அதையும் தெளிப்பதில்லை, அடி ஓட்டையில் வடியும்வரை ஊற்றுகிறேன்.

இது பாறைப் பூமி, இயற்கையிலேயே உப்பு உண்டு. எல்லாப் பழியையும் சாயத்தின் மேல் போட மாட்டேன். ஆனால் முப்பது வருஷம் பனியன் கம்பெனியில் கணக்கு எழுதியவன் நான். சாயம் பிடிக்க மூட்டை மூட்டையாக உப்புப் போட்டார்கள். அது எங்கே போகிறது என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை. பாசனத்துக்காகக் கட்டி 1992-இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுக் குட்டையானது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அன்றைக்கு 'தொழில் போச்சே' என்று புலம்பியவர்களில் நானும் ஒருவன். இன்று நம் அருள்புரத்திலேயே பொதுச் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. தண்ணீரையும் உப்பையும் பிரித்துத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். நல்லது. ஆனால் ஏற்கெனவே மண்ணுக்குள் இறங்கியதை எந்த மெஷினும் உறிஞ்சி எடுக்கப் போவதில்லை.

போன மாதம் அந்தக் கடைக்காரரைப் பார்த்தேன். பழைய சண்டையை அவர் மறக்கவில்லை. ஒன்றும் பேசாமல் கொத்தவரை விதை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.