கடைசி சீட் சி.பி.ஐ.!

போன வாரம் இன்டர்னல் மார்க் பத்தி நான் புலம்பினதைப் படிச்சுட்டு ஆறுதல் சொன்ன எல்லாருக்கும் நன்றி. (ஆறுதல் வந்துடுச்சு. மார்க்தான் இன்னும் வரலை.) இந்த வாரம் படிப்புப் பக்கமே தலை வெச்சுப் படுக்கப் போறதில்லை. காணாமல் போன பொண்ணு, தீப்பிடிச்ச ஃபேக்டரி, குதிரையில வர்ற சாமி... எல்லாமே மர்மம்தான்!

எங்க காலேஜ் பஸ் பாகூர்ல கிளம்பி, கரிக்கலாம்பாக்கம், வில்லியனூர்னு ஊர் ஊரா ஆளை அள்ளிக்கிட்டுப் போகும். முன் சீட்டு எல்லாம் சாமி பாட்டு கேக்குற குரூப். நடு சீட்டு தூங்குற குரூப். கடைசி ரெண்டு வரிசை நாங்க. எங்களுக்கு நாங்களே வெச்சுக்கிட்ட பேருதான் மேல தலைப்புல இருக்கு.

விஷயம் இதுதான். 'சுழல்' வெப் சீரிஸ் தெரியும்ல? புஷ்கர் - காயத்ரி எழுத, பிரம்மாவும் அனுசரணும் இயக்கினது. முதல் சீசன் 2022 ஜூன் 17-ல வந்துச்சு. அப்ப நான் பிளஸ் டூ. வீட்டுல டி.வி. ரிமோட்டையே ஒளிச்சு வெச்சிருந்தாங்க, வெப் சீரிஸ் எங்க பாக்குறது? ரெண்டாவது சீசனும் 2025 பிப்ரவரி 28-ல வந்து, ஊரே பாத்து முடிச்சப்புறம்தான் எங்க கும்பலுக்கு ஞானோதயம் வந்துச்சு. "மச்சி, முதல் சீசன்ல இருந்து ஆரம்பிப்போம்டா"ன்னு ஒருத்தன் அவங்க அண்ணன் அக்கவுண்டைத் தானமா கொடுத்தான்.

மொத்தம் எட்டு எபிசோட். ஒரே நைட்ல முடிச்சுடலாம். ஆனா நாங்க ஒரு சட்டம் போட்டோம். ஒரு நாளைக்கு ஒண்ணு, அதுவும் பஸ்ஸுலதான். வீட்டுக்குப் போய் ரகசியமா அடுத்ததைத் தொட்டா மொத்தக் கும்பலுக்கும் டீ, சமோசா ஃபைன். ஏன் இந்தக் கட்டுப்பாடுன்னு கேக்குறீங்களா? அதுக்கு எங்க ஆயா கதையைச் சொல்லணும்.

1990-கள் நடுவுல சன் டி.வி.ல 'மர்ம தேசம்' வந்துச்சு. எழுதினவர் இந்திரா சௌந்தர்ராஜன், இயக்கினவர் நாகா, தயாரிச்சது கே.பாலசந்தரோட மின்பிம்பங்கள். முதல்ல நவபாஷாண லிங்கத்தை வெச்சு 'ரகசியம்'. அடுத்து வந்ததுதான் 'விடாது கருப்பு'. ஊர்ல யார் தப்பு பண்ணினாலும் ராத்திரியில கருப்பு குதிரையில வந்து தண்டிக்கும். தண்டிக்கிறது நிஜமாவே சாமியா, இல்ல சாமி பேர்ல மனுஷனா? இதுதான் கதை. ஒரு சின்னப் பையனோட பழைய காலமும், பெரியவங்களோட இப்போதைய காலமும் மாறி மாறி வரும். (இதுல நடிச்ச சேத்தனும் தேவதர்ஷினியும் நிஜ வாழ்க்கையிலும் ஜோடி ஆனாங்கங்கிறது எங்க அம்மா வருஷத்துக்கு நாலு தடவை சொல்ற பொது அறிவு.)

எங்க தெருவுல அப்ப கேபிள் கனெக்‌ஷன் ரெண்டே வீட்டுலதானாம். ஆயா, அம்மா, சித்தி எல்லாரும் அங்க போய்த் திண்ணையில இடம் பிடிச்சுப் பாத்திருக்காங்க. முடிஞ்சு வீட்டுக்கு வர்ற வழியிலதான் அய்யனார் கோயில். கோயில் வாசல்ல பெரிய மண் குதிரை. "கண்ணை மூடிக்கிட்டு ஒரே ஓட்டம்டா"ன்னு சித்தி சொல்லும்போது இப்பவும் கையில மயிர் கூச்செறியுதான்னு தடவிப் பாத்துக்கும்.

வாரம் ஒரு தடவைதான் கதை. அடுத்த எபிசோட் வர்ற வரைக்கும் என்ன பண்றது? தியரிதான்! பாகூர் நெல்லு விளையிற ஊர். ஆயா நடவுக்குப் போகும். சேத்துல வரிசையா நின்னு நாத்து நட்டுக்கிட்டே, கருப்பு யாருன்னு நடவு ஆளுங்க மொத்தமும் சண்டை போட்டிருக்கு. ஒரு கோஷ்டி பூசாரிமேல சந்தேகப்பட்டுச்சாம். இன்னொரு கோஷ்டி ஊர்ப் பெரிய மனுஷன்மேல. பத்தாவது படிச்ச எங்க அம்மாவுக்கு டவுனுல இருந்து வர்றவங்க எல்லார்மேலயும் டவுட். ஆயாவுக்கு மட்டும் டவுட்டே இல்லை. "கருப்புதான் வந்து தண்டிக்குது. இதுல இன்னாடா சந்தேகம்?"

கடைசியில கதையை முடிச்சு வெச்சது சாமி இல்லை, மனநல மருத்துவம். ஒரே ஆளுக்குள்ள ரெண்டு ஆளு! 2005-ல 'அந்நியன்' வந்து நாம வாயைப் பிளந்தோமே, அதுக்குப் பல வருஷம் முன்னாடியே. அந்த ஆள் யாருன்னு நான் சொல்லப் போறதில்லை. பாக்காதவங்க தேடிப் பாத்துக்கோங்க. ஆனா அம்மா சொன்ன ஒரு விஷயத்தை மட்டும் சொல்றேன். "நடவு வயல்ல ஊர்ல இருக்குற எல்லார்மேலயும் சந்தேகப்பட்டாங்க. அவன்மேல மட்டும் யாருக்குமே தோணலை. நல்ல மாதிரி இருந்தான்ல..."

ஆயா இன்னைக்கு வரைக்கும் அந்த முடிவை ஒத்துக்கலை. "டாக்டரு சொன்னா ஆச்சா? குதிரை எங்கேருந்து வந்துச்சாம்?" 2024 நவம்பர்ல இந்திரா சௌந்தர்ராஜன் இறந்துட்டார்னு நியூஸ் வந்தப்ப, "கருப்பு எழுதுனவரா?"ன்னு கேட்டுட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்துச்சு. அவர்கிட்ட நேர்ல ஒரு கேள்வி கேக்கணும்னு ரொம்ப நாளா நினைச்சுட்டு இருந்துச்சாம். கேள்வி என்னன்னு உங்களுக்கே தெரியும். குதிரை!

அந்த நடவு வயல் ஜாலியை பஸ்ஸுக்குள்ள கொண்டு வரத்தான் எங்க சட்டம். என் சிக்னல்ஸ் நோட்டோட கடைசிப் பக்கம்தான் தியரி நோட். யார் எந்தத் தியரி சொன்னாலும் தேதி போட்டு எழுதி, பத்துக்கு மார்க் போடுறது என் வேலை. (நமக்குக் கிடைக்காத மார்க்கை அடுத்தவங்களுக்குப் போடுறதுல ஒரு சுகம்!)

கதை தெரியாதவங்களுக்கு... சாம்பலூர்னு ஒரு மலைப்பக்கத்து ஊர். சிமென்ட் ஃபேக்டரியில ஸ்ட்ரைக். ராத்திரியில ஃபேக்டரி எரியுது. அதே ராத்திரி யூனியன் தலைவர் சண்முகத்தோட, அதாவது பார்த்திபனோட, சின்னப் பொண்ணு நிலா காணோம். ஊர்ல மயானக்கொள்ளைத் திருவிழா. இங்கதான் எங்க பஸ்ஸுல முதல் கலாட்டா. "மயானக்கொள்ளை எங்க ஏரியா திருவிழாடா! மேல்மலையனூரைத் தூக்கிட்டுப் போய் மலையில வெச்சிருக்காங்க"ன்னு வில்லியனூர்ல ஏறுற சிவில் பையன் கொதிச்சுட்டான். சிவராத்திரி முடிஞ்ச மறுநாள் காளி வேஷம் கட்டி ஆடுறதைச் சின்ன வயசுல இருந்து பாக்குறவன். அவன் கோபத்துல நியாயம் இருக்கு. ஆனா எபிசோட் ரெண்டுக்கப்புறம் அவனும் வாயை மூடிக்கிட்டான். அவ்ளோ விறுவிறுப்பு!

தியரி கொட்டுச்சு. முதலாளியோட பையன்தான்னு அஞ்சு பேர். இன்ஸ்பெக்டர் ரெஜினாதான்னு மூணு பேர். ஸ்ரேயா ரெட்டி முறைக்கிற முறைப்புக்கே ஆயுள் தண்டனை கொடுக்கலாம்னு அவங்க வாதம். சண்முகமே ஃபேக்டரியைக் கொளுத்தினார்னு ரெண்டு பேர். என் தியரி என்ன தெரியுமா? எஸ்.ஐ. சக்கரை. ஹீரோதான் வில்லன்! எனக்கு நானே எட்டு மார்க் போட்டுக்கிட்டேன்.

இன்னும் 'சுழல்' பாக்காதவங்க இந்த இடத்துல இறங்கி, ரெண்டாவது சீசன் பத்தி வர்ற இடத்துல திரும்ப ஏறிக்கோங்க. அப்புறம் திட்டக் கூடாது!

ரெண்டாவது நாளே எங்க வரிசையில ஒரு பொண்ணு, அதிகம் பேசாத பொண்ணு, மெதுவா ஒண்ணு சொன்னா. "வீட்டுக்குள்ளயே இருக்கார்ல அந்தச் சொந்தக்காரர், அவர்மேல எனக்கு டவுட்டா இருக்கு."

சிரிச்சோம். சாதாரண சிரிப்பு இல்லை, தூங்குற குரூப்பே எழுந்து திரும்பிப் பாத்துச்சு. பாவம் அந்த மனுஷன், வீட்டுக்கு ஒண்ணுன்னா ஓடி ஓடி உழைக்கிறார், எல்லாருக்கும் நல்லவர். போயும் போயும் அவர்மேலயா? நான்தான் ஓவரா கலாய்ச்சேன். நோட்டுல அவ தியரியை எழுதி, பத்துக்கு பூஜ்யம் போட்டு, பக்கத்துல 'காமெடி பீஸ்'னு வேற எழுதினேன். அவ ஒண்ணும் சொல்லலை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா.

அடுத்த வாரம் புதன்கிழமை எட்டாவது எபிசோட் முடிஞ்சது. அவ சொன்ன ஆள்தான்.

பஸ்ஸுல ஒரு சத்தம் இல்லை. அந்த வீட்டுல ரெண்டு பொண்ணுங்களுக்கும் அவரால என்ன நடந்துச்சுங்கிறதுதான் மொத்தக் கதையோட அடி. அதுக்குப் பேர் தெரியாத வயசா எங்களுக்கு? இருந்தும் பத்துப் பதினஞ்சு தியரியில ஒண்ணுல கூட அது இல்லை. கொஞ்ச நேரம் கழிச்சு ஒருத்தன், "ஏய், நீ முன்னாடியே பாத்துட்டதான? ஃபைன் கட்டு"ன்னான். அவ இல்லைன்னா. "அப்ப எப்படிக் கண்டுபிடிச்ச?"

"சின்னப் பொண்ணு காணோம்னு எல்லாரும் தேடுறாங்க. பெரிய பொண்ணு நந்தினி ஏன் அந்த வீட்டுலயே இல்லை? நான் அதைத்தான் யோசிச்சேன்."

அவ்வளவுதான் சொன்னா. அதுக்கு மேல நாங்க யாரும் கேக்கலை. கேட்டிருக்கணுமா, கேக்காம விட்டதுதான் சரியான்னு எனக்கு இன்னும் தெரியலை. மறுநாள் சாரி சொன்னேன். "எதுக்கு?"ன்னு கேட்டா. எதுக்குன்னு சரியா சொல்ல வரலை எனக்கு. (இதை எழுதலாமான்னு அவகிட்ட கேட்டுட்டுதான் எழுதுறேன். "பேர் போடாத, பூஜ்யம் போட்டதை மட்டும் மறக்காம எழுது"ன்னா.)

அப்புறம் வீட்டுல உக்காந்து கொஞ்சம் தோண்டினேன். 1980 மார்ச்ல அமெரிக்காவுல 'டல்லாஸ்'னு ஒரு சீரியல்ல ஜே.ஆர்.ங்கிற பணக்கார வில்லனை யாரோ சுட்டுட்டாங்க. யாருன்னு நவம்பர் 21-ம் தேதிதான் காட்டினாங்க. நடுவுல எட்டு மாசம் உலகமே தியரி சொல்லி, பந்தயம் கட்டிப் பணமே புரண்டிருக்கு. பதில்? அவரோட கொழுந்தியா. 1990-ல டேவிட் லிஞ்ச்சும் மார்க் ஃப்ராஸ்ட்டும் சேர்ந்து உருவாக்கின 'ட்வின் பீக்ஸ்'ல லாரா பால்மர்ங்கிற பொண்ணைக் கொன்னது யாருன்னு இதே மாதிரி மண்டை காஞ்சாங்க. ஒரு ஊரையே சந்தேகப்பட்டாங்க. கடைசியில ஆள் அவ வீட்டுக்குள்ளயே இருந்தார்... அப்பா!

கதை எழுதுறவங்க ட்ரிக்குன்னு விட்டுடலாம். யார்மேல டவுட் வராதோ அவரைக் குற்றவாளி ஆக்கினாத்தான் நாம 'அட!'ன்னு சொல்லுவோம். ஆனா தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தோட வருஷாந்திர அறிக்கையில போக்சோ பகுதியைப் பாருங்க. குழந்தைங்க மேல நடக்குற பாலியல் வன்கொடுமை வழக்குகள்ல நூத்துக்குத் தொண்ணூறுக்கும் மேல, குற்றம் சாட்டப்பட்டவர் அந்தக் குழந்தைக்கு ஏற்கெனவே தெரிஞ்சவர். சொந்தம், அக்கம்பக்கம், குடும்ப நண்பர். அங்க ட்ரிக் எழுத எந்த ரைட்டரும் இல்லை. அந்த அறிக்கையைப் படிச்சுட்டு என் நோட்டோட கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பாத்தேன். முதலாளி, போலீஸ், யூனியன்... நாங்க சந்தேகப்பட்ட பாதிப் பேருக்கு மேல முறைக்கிறவங்க, சத்தம் போடுறவங்க, வெளி ஆளுங்க. வீட்டுல இருந்து தட்டுல சாப்பாடு வாங்கிச் சாப்பிட்டவர்மேல கை வெச்சது ஒரே ஒருத்தி.

ஆயாகிட்ட இந்தக் கதையை முழுசா சொன்னேன். வெத்தலையை மடிச்சுக்கிட்டே கேட்டுச்சு. 'கருப்பு இருந்தா இப்படி நடக்குமா'ன்னு சொல்லும்னு நினைச்சேன். இல்லை. "அந்தப் பொண்ணு அவங்க ஆத்தாகிட்ட சொல்லலையா?"ன்னு கேட்டுச்சு. சொல்லலைன்னேன். "சொல்லியிருந்தா மட்டும் நம்பியிருப்பாங்களா..."ன்னு அதுவே பதிலும் சொல்லிட்டு எழுந்து போயிடுச்சு. எங்க வீட்டுல ஆயாகிட்ட இப்படி ஒரு பேச்சு நான் பேசினதே இல்லை.

இறங்கினவங்க எல்லாம் ஏறியாச்சா? சரி, போலாம் ரைட்!

இப்ப ரெண்டாவது சீசன் ஓடிட்டு இருக்கு. இதுல லால் நடிச்ச வக்கீல் செல்லப்பா கொலை. எட்டு பொண்ணுங்க தனித்தனியா போலீஸ்ல போய், "நான்தான் கொன்னேன்"னு சரண்டர் ஆகுறாங்க. எட்டுல யாருன்னு பஸ்ஸே ரெண்டா பிரிஞ்சு கிடக்கு. சிவில் பையன் இப்பவே பந்தயம் கட்டி ரெண்டு சமோசா தோத்துட்டான்.

ஒரே ஒரு மாற்றம். தியரி நோட்டு இப்ப என்கிட்ட இல்லை. அந்தப் பொண்ணுகிட்ட கொடுத்துட்டோம், மார்க் போடுறது அவதான். கை ரொம்பக் கஞ்சம். முதலாளி கட்சிக்காரங்களுக்கே மூணு போட்டா. நேத்து நான் சொன்ன தியரிக்கு வந்தது ரெண்டு. ஏன்னு கேட்டதுக்கு, "திரும்பவும் முறைக்கிற ஆளையே சொல்ற"ன்னா.

உங்க பஸ்ஸுல, ஹாஸ்டல்ல என்ன தியரி ஓடுது? எழுதி அனுப்புங்க. மார்க் அவகிட்ட வாங்கித் தர்றது என் பொறுப்பு. பாகூர் ஸ்டாப் வந்துடுச்சு, இறங்கணும். அடுத்த வாரம் பார்ப்போம்!