டிங் லிரனை வீழ்த்தியது குகேஷா, கடிகாரமா?

சிங்கப்பூரில் நடந்த உலக செஸ் சாம்பியன்ஷிப்பின் 3-வது சுற்றில் புதன்கிழமை (நவம்பர் 27, 2024) சென்னை வீரர் குகேஷ், அப்போதைய சாம்பியன் டிங் லிரனை வென்றார். ஸ்கோர் 1.5 - 1.5 ஆனது. ஆனால் செக்மேட் ஆகவில்லை, டிங் தோல்வியை ஒப்புக்கொள்ளவும் இல்லை. 37-வது நகர்த்தலில் அவருக்கு நேரம் தீர்ந்துபோச்சு. அப்போ இது அதிர்ஷ்டமா?

இல்லை.

2 மணி நேரம் போதாதா?

டைம் அவுட் என்பது கீழ்பென்னாத்தூர் பஸ் ஸ்டாண்டில் காத்திருக்கும்போது செல்போனில் 10 நிமிட ஆட்டம் ஆடுபவருக்கும் பழகின விஷயம்தான். இங்கே முதல் 40 நகர்த்தல்களுக்கு ஆளுக்கு 120 நிமிடம். ஆப்பில் '3+2' என்று வைத்தால், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 2 விநாடி சேரும் இல்லையா? இந்தப் போட்டியில் 40 முடியும்வரை ஒரு விநாடிகூட சேராது. அதைத் தாண்டினால்தான் கூடுதலாக 30 நிமிடமும், நகர்த்தலுக்கு 30 விநாடியும். டிங் அந்தக் கரைக்குப் பக்கத்தில் வந்து மூழ்கினார்.

நேரம் எங்கே போனது?

தொடக்கத்திலேயே போய்விட்டது. முதல் சுற்றில் ராஜாவுக்கு முன்னால் இருக்கும் சிப்பாயை நகர்த்தித் தொடங்கிய குகேஷ், அதில் தோற்றிருந்தார். இம்முறை ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார் (டி4). அது 'குயின்ஸ் கேம்பிட்' ஆக மாறியது. ஆமாம், நெட்ஃபிளிக்ஸ் தொடரின் பெயரேதான். 4-வது நகர்த்தலில் நடுவில் இருந்த சிப்பாய்களை வெட்டி மாற்றிக்கொண்டார்கள். 10-வது நகர்த்தலில் இரண்டு ராணிகளும் பலகையை விட்டே போய்விட்டன. வெளியிலிருந்து பார்த்தால் 'டிரா'வுக்குப் போகும் ஆட்டம்.

ஆனால் குகேஷ் இந்தப் பாதையை வீட்டிலேயே படித்துவிட்டு வந்திருந்தார். ஆரம்ப நகர்த்தல்களை சில நிமிடங்களில் முடித்தார். டிங்கோ ஒவ்வொன்றையும் பலகை முன்னால் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கடிகாரத்தில் சுமார் ஒரு மணி நேரம் பின்தங்கினார்.

அதன் விலை பிறகு தெரிந்தது. குகேஷின் எல்லைக்குள் ஆழமாகப் போய் உட்கார்ந்த டிங்கின் பிஷப், திரும்பி வர வழியில்லாமல் சிக்கிப் பறிபோனது. பதிலுக்குக் கிடைத்தது சிப்பாய்கள் மட்டுமே. நேரம் முடிந்தபோது பலகையிலும் அவர் தோற்கும் நிலையில்தான் இருந்தார். கடிகாரம் அதைக் கொஞ்சம் முன்னதாக அறிவித்தது, அவ்வளவே.

குகேஷின் பயிற்சிக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் போலந்தின் கஜெவ்ஸ்கி. முன்பு விஸ்வநாதன் ஆனந்துக்கும் ஆட்டங்களைத் தயாரித்துக் கொடுத்தவர். புதன்கிழமை வெற்றியில் அந்த அறைக்கும் பெரிய பங்கு உண்டு.

அடுத்து?

மறுநாள் ஓய்வு நாள். வெள்ளிக்கிழமை 4-வது சுற்றில் டிங்குக்கு வெள்ளைக் காய்கள், அதாவது பாதையைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு அவர் கையில் இருந்தது. மீதி 11 சுற்றுகள் இருந்தன, முதலில் 7.5 புள்ளியைத் தொடுபவருக்குப் பட்டம் என்பது விதி.