சிம்லாவின் பாரம்

ஹிமாசலப் பிரதேசத்தின் தலைநகராகிய சிம்லா, அம்மலைநாட்டு ஜனங்களின் தேவையை உத்தேசித்து எழுந்த நகரமன்று. 1815-ம் வருஷத்தையொட்டிய கூர்க்க யுத்தத்திற்குப்பின் அங்கு ஆதிக்கம் பெற்ற ஆங்கிலேயர், சமவெளியின் உஷ்ணத்திற்கு அஞ்சி, ஏழாயிரம் அடிக்கு மேற்பட்ட அம்மலைமுகட்டில் பங்களாக்கள் கட்டிக்கொண்டனர். 1864-ல் அது பிரிட்டிஷ் இந்தியாவின் கோடைகாலத் தலைநகராயிற்று. கோடானுகோடிப் பிரஜைகளை ஆண்ட சர்க்கார், வருஷத்தில் பல மாதங்கள் அவர்களுடைய குரல் எட்டாத உயரத்தில் வாசம் செய்தது! 1903-ல் கால்கா ரயில் வருமுன்பு அதன் தஸ்தாவேஜுகளும் தட்டுமுட்டுச் சாமான்களும் மலையேறியது கூலியாட்களின் முதுகின்மீதும் வண்டிகளிலுமேயாகும். சுற்றுப்புறச் சமஸ்தானங்களில் நிலவிய ‘பேகார்’ என்னும் கட்டாய ஊழியத்தை எதிர்த்து, 1920-21-ல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர் குடிகளுடன் நின்று போராடியதை நாம் மறக்கலாகாது.

இன்று நிலைமை வேறு. வைஸ்ராய் மாளிகை 1965 முதல் உயர் ஆராய்ச்சி நிலையமாக விளங்குகிறது. 1971-ல் ஹிமாசலம் தனி ராஜ்யமாயிற்று. ஆயினும், அனைத்தையும் ஒரே முகட்டில் குவிக்கும் பழைய வழக்கம் மட்டும் ஒழியவில்லை. தலைமைக் காரியாலயம், ஹைகோர்ட், சர்வகலாசாலை யாவும் அங்கேயே இருப்பதால் ஜனங்களும் அங்கேயே நெருங்குகின்றனர். சில ஆயிரம் பேருக்கென்று அமைந்த ஊரில், 2011-ம் வருஷத்து ஜனக்கணக்கின்படி ஏறக்குறைய 1,70,000 பேர் வசித்தனர்.

இதன் பலன் யாது? 2018 கோடையில் குடிதண்ணீருக்கு ஜனங்கள் வீதியில் நின்றனர். 2023 ஆகஸ்டில் ஸம்மர் ஹில் சிவாலயத்தின்மீது மலை சரிந்து, வழிபட வந்தோர் பலர் மாண்டனர்.

கட்டடங்கள் இரண்டு தளத்திற்கும் மேற்பரணுக்கும் மேற்படலாகாதென்று 2017-ல் பசுமை டிரிப்யூனல் விதித்தது. நகர அபிவிருத்தித் திட்டம் வகுப்பது சர்க்காரின் அதிகாரம் என்றும், அதில் டிரிப்யூனல் தலையிடலாகாதென்றும் 2024 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. சட்டப்படி அதிகாரம் யாருடையது என்ற கேள்வி தீர்ந்தது. அச்சரிவுகள் எவ்வளவு பாரம் தாங்கும் என்ற கேள்வி தீரவில்லை. அதிகாரம் பெற்றவர் பொறுப்பையும் ஏற்கவேண்டுமன்றோ?

சட்டசபையின் குளிர்காலக் கூட்டங்களைத் தர்மசாலாவில் நடத்தும் வழக்கம் ஏற்கெனவே உண்டு. அதே வழியில் காரியாலயங்களையும் வேறு ஊர்களுக்குப் பகிர்ந்தளிக்கவேண்டும். நிலத்தின் உறுதியைப் பரீக்ஷிக்காமல் எந்தக் கட்டடத்திற்கும் அனுமதி தரலாகாது. அந்நியர் தம் சுகத்திற்கென அமைத்த ஏற்பாட்டை நம்மவர் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றவேண்டிய அவசியம் ஏதுமில்லை.