கரைப்பான் எதைக் கரைக்கும்?

என் சித்திக்கு ஒரு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. கான்ட்ராக்ட். குப்பைப் பையைத் தூக்கியபோது உள்ளே கிடந்த ஊசி விரலில் ஏறிவிட்டது. மேஸ்திரி கேட்டது இதுதான்: “பாத்துத் தூக்க மாட்டியா?” தடுப்பூசி இல்லை, ரத்தப் பரிசோதனை இல்லை. “ஊசியப் பையில போட்டது யாருன்னு ஒருத்தரும் கேக்கலடா” என்றார் சித்தி. அந்தக் கேள்வியை நான் இங்கே கேட்கிறேன்.

ஆஸ்பத்திரி பிளாஸ்டிக்கைக் கரைப்பான் ஊற்றிக் கரைத்து மீட்கலாம் என்கிறார்கள். முடியும்தான். சிரிஞ்சுக் குழல் பாலிப்ரொப்பிலீன். சூடான சைலீனில் கரையும். ரத்தப் பையில் பெரும்பாலும் பி.வி.சி.; அதற்கு வேறு கரைப்பான். கரைசலை வடிகட்டி, பிளாஸ்டிக் கரையாத இன்னொரு திரவத்தைச் சேர்த்தால் பிளாஸ்டிக் தனியே திரண்டுவிடும். பி.வி.சி.யை எரித்து டையாக்சின் நஞ்சைக் காற்றில் விடுவதைவிட இது மேல். அறிவியலுக்கு நாம் எதிரிகள் அல்ல.

ஆனால் கரைப்பான் எல்லாவற்றையும் பிரித்துவிடாது. இத்தாலியின் ஃபெராராவில் பழைய மின்கம்பி உறைகளின் பி.வி.சி.யைக் கரைத்து மீட்ட வினிலூப் ஆலை 2002இல் தொடங்கி 2018இல் மூடப்பட்டது. பிளாஸ்டிக்கை இளக்கச் சேர்த்த தாலேட்டும் மீட்ட சரக்கோடு கூடவே வந்தது. ஐரோப்பிய ரசாயன விதிகள் குறுக்கே நின்றன. நம் ரத்தப் பைகளிலும் தாலேட் உண்டு.

அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று. கரைக்கும் முன்னால் ரகம் ரகமாகப் பிரிக்க வேண்டும். ஊசியைக் கழற்ற வேண்டும். ரத்தம் ஒட்டிய குழாயைத் தொட வேண்டும். யார் கை? தொட்டி பக்கத்தில் நின்று, தலையைச் சுற்ற வைக்கும் சைலீன் ஆவியை யார் மூக்கு இழுக்கும்? பீ அள்ள யாரை விட்டார்களோ, அவர்களைத்தான் இங்கேயும் நிறுத்துவார்கள். மெஷின் புதுசு, வேலைப் பிரிவினை பழசு. தொழிலை அல்ல, தொழிலாளரையே கூறுபோடுவது சாதி என்று அம்பேத்கர் சொன்னது இதைத்தான்.

சட்டம் இருக்கிறது. 1998இல் ஒன்று, அதை மாற்றி 2016இல் இன்னொன்று. கழிவு உண்டாகும் இடத்திலேயே பிரிக்கணும். பிளாஸ்டிக் சிவப்புப் பையில், ஊசி குத்திக் கிழிக்காத வெள்ளைப் பெட்டியில். பிளாஸ்டிக்கை நீராவியில் கிருமி நீக்கி, துண்டாக்கிய பிறகுதான் வெளியே விடணும். கழிவைத் தொடும் எல்லோருக்கும் மஞ்சள் காமாலை-பி தடுப்பூசி, வருஷத்துக்கு ஒரு முறையாவது உடல் பரிசோதனை. ஊசி குத்தினால் பதிவு. அதாவது, பிரிக்க வேண்டிய முதல் கை ஊசி போட்ட கை. சித்தியின் கை அல்ல.

தோழர்களே, உங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தடுப்பூசிப் பதிவேட்டையும் விபத்துப் பதிவேட்டையும் கேளுங்கள். கான்ட்ராக்ட் ஆட்கள் பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். வேதியியல் படிக்கும் நம் பிள்ளைகளே, கரைப்பான் பற்றி ஆய்வேடு எழுதுங்கள். அதன் முதல் பக்கத்திலேயே, பிரிப்பது யார் என்பதையும் எழுதுங்கள். அதை எழுதாத எந்தத் தொழில்நுட்பமும் நம் விரலில் ஏறும் இன்னொரு ஊசிதான்.