சுமைகூலி முக்கால் பணம்

'சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்' என்பது நம் முன்னோர் சந்தையில் பட்டறிந்து சொன்ன பாடம். அதே வியாபாரம் இன்று நம் பிள்ளைகளின் கணினித் திரையில் நடக்கிறது. பெற்றோரில் பலர் அதனை அறியார். அறிந்தவர்களும் 'விளையாட்டுதானே' என்று கடந்துவிடுகின்றனர். ஆனால் கொடுக்கல் வாங்கல் என்று வந்துவிட்டால், 'விளையாட்டு' என்பதற்காக மார்க்கத்தில் தனிச் சலுகை எதுவும் கிடையாது.

ரயில் ஓட்டுதல், விமானம் இயக்குதல், சரக்கு லாரி செலுத்துதல் முதலிய தொழில்களைத் திரையில் அப்படியே நடத்திப் பார்க்க வைப்பவை சிமுலேட்டர் விளையாட்டுகள். இவற்றுள் பலவற்றுக்கு வாடிக்கையாளர்கள் சிலரே. ஆயினும் பற்று மிகுந்தவர்கள். முதலில் வாங்கும் விளையாட்டு பெரும்பாலும் மலிவாகக் கிடைக்கும், சில வேளை இலவசமாகவே கிடைக்கும். அதன் பின்னர் ஒவ்வொரு தடமும், ஒவ்வொரு எஞ்சினும், ஒவ்வொரு விமானமும் 'டிஎல்சி' எனப்படும் கூடுதல் தொகுப்பாகத் தனித்தனியே விலைக்கு வரும்.

இங்கிலாந்தின் சாத்தம் நகரைச் சேர்ந்த டவ்டெயில் கேம்ஸ் நிறுவனத்தின் 'டிரெயின் சிமுலேட்டர் கிளாசிக்' இதற்குப் பெயர்பெற்ற சான்று. 2009இல் 'ரெயில்வொர்க்ஸ்' என்ற பெயரில் தொடங்கிய அவ்விளையாட்டுக்குப் பல நூறு கூடுதல் தொகுப்புகள் உள்ளன. முழு விலையில் அனைத்தையும் கூட்டினால் பல ஆயிரம் டாலர் ஆகும். விமானத் துறையிலும் இதே நிலைதான். 2020இல் மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் வெளிவந்தபோது உலகம் முழுவதையும் பல விமானங்களையும் உள்ளடக்கிய அடிப்படைப் பதிப்பின் விலை 60 டாலர். 2024இல் அதற்கென பிஎம்டிஜி நிறுவனம் வெளியிட்ட போயிங் 777 என்ற ஒரேயொரு விமானத்தின் விலை 75 டாலர். பலரும் ஆடும் 'தி சிம்ஸ் 4' 2022 அக்டோபரில் இலவசமாக்கப்பட்டது. ஆயினும் அந்த உலகில் மழையும் பனியும் வேண்டுமெனில், பட்டியல் விலை 40 டாலரான 'சீசன்ஸ்' தொகுப்பை வாங்கியாக வேண்டும். அவ்விளையாட்டின் தொகுப்புகள் அனைத்தையும் பட்டியல் விலையில் கூட்டினால் ஆயிரம் டாலரைத் தாண்டும்.

விற்பவர் தரப்பையும் நேர்மையோடு கேட்போம். ஒரு ரயில் தடத்தின் வளைவு, சரிவு, சிக்னல், நிலையம் அனைத்தையும் மெய்யானதைப் போலவே அமைக்கப் பலர் பல மாதங்கள் உழைக்க வேண்டும். வாங்குவோர் சிலரே என்னும்போது அந்தக் கூலி அந்தச் சிலர் தலையில்தான் விழும். உழைப்புக்கு ஊதியம் கேட்பது குற்றமன்று. மதீனாவில் விலைவாசி உயர்ந்து, விலையை நிர்ணயித்துத் தருமாறு மக்கள் வேண்டியபோது, நபி (ஸல்) அவர்கள் அதற்கு இணங்கவில்லை. ஆகவே விலை அதிகம் என்ற ஒன்றே என் வழக்கன்று. விற்கும் முறையே என் வழக்கு.

விற்கப்படும் பொருள் இன்னதென்றும் அதன் விலை இவ்வளவென்றும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது ஃபிக்ஹின் பால பாடம். இங்கே ஒவ்வொரு தொகுப்புக்கும் விலை எழுதியிருக்கிறது, உண்மைதான். ஆனால் ஒரு தொகுப்பு மற்றொன்றைக் கேட்கிறது. ஒரு தடத்தில் ஓட்டுவதற்கென ஆர்வலர்கள் அமைத்த பயணங்கள் பல, வேறு தொகுப்புகளில் உள்ள வண்டிகள் இருந்தால்தான் இயங்கும். 'யாரும் கட்டாயப்படுத்தவில்லையே, வேண்டியதை மட்டும் வாங்கலாமே' என்பார்கள். முதற்படியில் கால் வைத்தவனுக்கு அடுத்த படியைக் காட்டிக்கொண்டே இருப்பதற்குக் கட்டாயம் எதற்கு? செலவழித்தது வீணாகக் கூடாதே என்ற எண்ணமே மேலும் செலவழிக்க வைத்துவிடும்.

வாங்கிப் பார்த்துத் திருப்பித் தரும் உரிமை என்ன ஆயிற்று? ஷாஃபியி, ஹனஃபி மத்ஹபுகள் இரண்டிலும், நிபந்தனையிட்டு வாங்கியவர் மூன்று நாள் வரை யோசித்து முடிவு செய்யலாம். குறையுள்ள பொருளைத் திருப்பித் தருவது அதற்கும் மேலான தனி உரிமை. ஸ்டீம் தளத்தின் பொதுவிதிப்படி, தொகுப்பை வாங்கிய 14 நாட்களுக்குள், அதன் பின் அந்த விளையாட்டை இரண்டு மணி நேரத்திற்கும் குறைவாக ஆடியிருந்தால் மட்டுமே பணம் திரும்பும். நீண்ட தடத்தில் ஒருமுறை போய்வருவதற்குள் அந்த அவகாசம் கரைந்துவிடும்.

எல்லாவற்றிலும் பெரியது உடைமை பற்றிய கேள்வி. ரயில் பொம்மைகளைச் சேர்ப்பவர் கடையிலுள்ள எல்லா எஞ்சின்களையும் வாங்குவதில்லை, டிஎல்சியும் அப்படித்தான் என்று ஓர் ஒப்புமை சொல்வதுண்டு. அந்த பொம்மை எஞ்சினை அவர் விற்கலாம், அன்பளிப்பாகத் தரலாம், அவருக்குப் பின் வாரிசுகள் மீராஸாகப் பங்கிட்டுக் கொள்ளலாம். இந்தத் தொகுப்பை என்ன செய்ய முடியும்? ஸ்டீம் ஒப்பந்தம் கணக்கைப் பிறருக்கு மாற்ற இடம் தருவதில்லை. கலிஃபோர்னியா மாநிலம் இது குறித்துச் சட்டம் இயற்றிய பின், 2024இன் இறுதியில்தான், 'நீங்கள் வாங்குவது உரிமம் மட்டுமே' என்ற அறிவிப்பு அத்தளத்தில் இடம்பெற்றது. பயன்படுத்தும் அனுமதியை விற்பனை போலக் காட்டி, விற்பனைக்குரிய விலையை வாங்குவது எந்த நீதி?

நேர்மையாகவும் இத்தொழிலைச் செய்ய முடியும். 'யூரோ டிரக் சிமுலேட்டர் 2' விளையாட்டை உருவாக்கிய செக் நாட்டின் எஸ்சிஎஸ் நிறுவனம் புதிய நாடுகளை விலைக்கு விற்கிறது. ஆனால் அடிப்படை விளையாட்டின் பழைய பகுதிகளை இலவசமாகவே புதுப்பித்தும் வருகிறது. போர்விமான விளையாட்டான 'டிசிஎஸ் வேர்ல்ட்' பல விமானங்களை 14 நாட்கள் இலவசமாக ஓட்டிப் பார்க்கத் தருகிறது. இவர்களால் முடிந்தது மற்றவர்களால் ஏன் முடியாது?

பெற்றோர்களே, பிள்ளையின் கணினியைப் பிடுங்கச் சொல்லவில்லை. பிரேக்கும் சிக்னலும் கற்கும் பிள்ளை கெட்டுப்போய்விடவில்லை. முதல் தொகுப்பை வாங்கித் தருமுன் ஆண்டுக்கு இவ்வளவுதான் என்று ஒரு தொகையை அவனோடு அமர்ந்து முடிவு செய்யுங்கள். வாங்கியவற்றில் எதை எத்தனை மணி நேரம் ஓட்டினான் என்று அவனையே எழுதச் சொல்லுங்கள். பழைய தொகுப்புகள் பருவகாலத் தள்ளுபடியில் பாதி விலைக்கும் கீழே இறங்குவது வாடிக்கை. காத்திருக்கப் பழக்குங்கள். வீண்விரயம் கூடாது என்று நூறு முறை உபதேசிப்பதைவிட, தன் கையால் கூட்டிப் பார்த்த ஒரு கணக்கு அவனுக்கு அதிகம் கற்பிக்கும். சுமைகூலியையும் விசாரித்த பிறகே சுண்டைக்காயை விலை பேச வேண்டும்.